சலசலக்காத துணி

செஞ்சி
2.2.2025

மீனாவுக்கு,

பொங்கலுக்கு வந்த நாத்தனார் கறிச்சோறு கூடச் சாப்பிடாமல் பெங்களூரு பஸ் ஏறிவிட்டாள் என்று தெருவே பேசித் தீர்த்தாகிவிட்டது. உன் அண்ணன் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீ போன் போட்டால் நான் எடுப்பதில்லை என்பதும் உண்மைதான். எடுத்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

சமாதானம் பேச எழுதவில்லை. எனக்குத் துணி வேண்டும்.

ஜூன் மாதம் உத்தரகண்டில் ஒரு கணவாய்வரை நடந்து ஏறப் போகிறேன். பெண்கள் மட்டும் போகிற குழு. என்னோடு நர்ஸ் வேலை பார்க்கிற மஞ்சுவும் வருகிறாள். பெயர் கொடுத்தாகிவிட்டது. என் டாக்டரம்மாவிடம் கேட்டேன். நடக்கலாம், ஏறலாம், இடது தோளில் மட்டும் பாரம் இறங்கக்கூடாது என்றார். மார்பை எடுத்தபோது அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் அல்லவா, அந்தப் பக்கம் பாரம் விழுந்தால் கை வீங்கிக்கொள்ளும். முடியாதவர்கள் பையைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிவிடலாம் என்று குழுவில் சொல்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். என் பையை நானே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

ஏன் என்று நீ கேட்பாய். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து எல்லோரும் என் கையிலிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறீர்கள். குடத்தை உன் அண்ணன் வாங்கிக்கொள்கிறார். இத்தனை வருஷமாகத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நான் நடந்த தடுப்பூசிப் பெட்டியை ஆபீஸில் வாங்கிக்கொண்டார்கள். பொங்கலுக்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க, "குடுங்க அண்ணி, உங்களால முடியாது" என்று நீ என் பையைப் பிடுங்கினாய், வீட்டுக்கு வந்து நான் உன்னை அவ்வளவு திட்டியது அதற்குத்தான். அந்தப் பையில் இருந்தது மஞ்சள் கொத்தும் வெற்றிலையும்.

கடையில் விற்கிற மலையேற்றப் பைகளை விழுப்புரம் போய்ப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் வைக்காமலே கனக்கின்றன. வார் இரண்டும் நேராக நெஞ்சின்மேல் ஏறி இறங்குகின்றன. என் நெஞ்சுக்கு அது ஆகாது. எனவே நானே தைக்கப் போகிறேன். உன் கம்பெனியில் டென்ட்டும் மழைக்கோட்டும் தைக்கிறீர்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகள் இருக்கும். கைக்குட்டை அளவு போதும், கிடைத்த ரகமெல்லாம் அனுப்பு. எந்தத் துணி எதற்கு என்று எழுது. அறிவுரை எழுதாதே.

கலைச்செல்வி


பெங்களூரு
12.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

அறிவுரை எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டதில் எங்கள் அறைக் குப்பைக்கூடைக்கு நல்ல புத்தி வந்திருக்கும்.

கட்டிங் மாஸ்டர் விமல்ராஜ் அண்ணனிடம் கேட்டேன். "யாருக்கும்மா?" என்றார். "எங்க அண்ணி மலை ஏறப் போறாங்க" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அவர் மேஜைக்கு அடியிலிருந்த மூட்டையையே அவிழ்த்து என் முன்னால் கொட்டினார்.

நான்கு துண்டு வைத்திருக்கிறேன். காக்கி நிறத்தில் தடியாக இருப்பது நைலான் கேன்வாஸ். பள்ளிக்கூடப் பை, பட்டாளத்துப் பை எல்லாம் அதில்தான். எதற்கும் அசையாது, ஆனால் எடை. ஆரஞ்சு இருக்கிறதே, அது சிலிக்கான் ஏற்றிய மெல்லிய நைலான். ஊதினால் பறக்கும். மிஷினில் வைத்தால் பாதத்துக்கு அடியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும், பிடித்துத் தைப்பதற்குள் உங்களுக்குக் கெட்ட வார்த்தை வந்துவிடும். சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கட்டம் ஓடுகிற துண்டு நடுத்தரம். அந்த வெள்ளை இழைதான் அதன் எலும்பு. துணி கிழிந்தாலும் கிழிசல் அடுத்த கட்டத்தைத் தாண்டாது.

கடைசியாக, வெள்ளையாகக் கண்ணாடித்தாள் மாதிரி இருப்பது. பாய்மரத் துணியின் வகை. இழைகளை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் மெல்லிய தாள் ஒட்டியிருக்கிறார்கள். நான்கிலும் லேசு அதுதான், பலமும் அதுதான், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. எங்கள் தர சோதனை மேஜைக்கு அது வந்தால் நான் வேலையை விட்டுவிட்டுச் சும்மா தடவிக்கொண்டிருப்பேன். நீங்கள் அதையே எடுங்கள் அண்ணி. உங்களுக்கு எது வேண்டுமோ அதை நான் எப்படியாவது வாங்கித் தருகிறேன்.

பையில் மஞ்சள் கொத்து இருந்தது எனக்குத் தெரியாது.

மீனா


செஞ்சி
5.3.2025

மீனா,

மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு மேல்மலையனூரில் எங்களுக்கு மருத்துவ முகாம் போட்டுவிட்டார்கள். அதனால்தான் தாமதம். ஆனால் சும்மா இருக்கவில்லை. உன் துண்டுகளைச் சுருக்குப்பையாகத் தைத்து, அரிசி நிரப்பி, காக்கியையும் ஆரஞ்சையும் டூட்டிக்கு எடுத்துப் போனேன். அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸில் போய் வந்து உயிரோடு இருக்கிற பை இமயமலைக்கும் போகும் என்பது என் கணக்கு.

காக்கி கிழியவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் வேர்வையை எல்லாம் குடித்துவிட்டு ஈரச்சாக்காகி வந்து சேர்ந்தது. ஆரஞ்சு மடியில் இருப்பதே தெரியவில்லை. எனக்கு அதன்மேல் ஆசையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஆணியில் மாட்டி இன்னும் கொஞ்சம் அரிசி போட்டேன். துணி தாங்கியது, தையல் வாய் பிளந்துகொண்டது. ஊசி போன ஓட்டையெல்லாம் வரிசையாகப் பல் தெரிந்தது. என் தையல் பிசகாகவும் இருக்கலாம், ஆனால் கணவாயில் அதை யார் விசாரிக்கப் போகிறார்கள்.

உன் வெள்ளைத் துணிக்கு வருகிறேன். அதையும் சாம்பலையும் ஞாயிற்றுக்கிழமை நம் ராஜகிரி மலைக்கோட்டைக்கு எடுத்துப் போனோம், நானும் மஞ்சுவும். உள்ளே கூழாங்கல் போட்டிருந்தேன். பாறையில் தேய்த்தேன், காரைமுள்ளில் மாட்டி இழுத்தேன். நீ சொன்னதில் பொய் இல்லை. அப்படி ஒரு துணியை நான் தொட்டதே கிடையாது. மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து இப்படி ஒன்றைச் செய்திருக்கிறார்களே என்று மஞ்சுவிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

ஒரு குறைதான். நடக்க நடக்க அது சரசரவென்று பேசுகிறது. முதலில் நான் கவனிக்கவில்லை. கோட்டைக் களஞ்சியத்துப் பக்கம் திரும்பும்போது மஞ்சு, "அக்கா, பின்னால பாரு" என்றாள். சுவரெல்லாம் குரங்கு. கீழே டிக்கெட் கொடுக்கிற இடத்திலிருந்தே கூட வந்திருக்கின்றன போல. சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம் அச்சாக அதே சத்தம், மீனா. ஒரு கிழட்டுக் கடுவன் வந்து என் கையிலிருந்து பையைப் பறித்துக்கொண்டு மேலே போய் உட்கார்ந்தது. வாயாலும் கையாலும் எவ்வளவோ இழுத்துப் பார்த்தது, துணி கிழியவே இல்லை. கடைசியில் சுருக்கை அவிழ்த்து உள்ளே பார்த்தது. கல். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு கல்லை எடுத்து எங்கள் மேலேயே விட்டெறிந்தது.

நானும் மஞ்சுவும் படியில் உட்கார்ந்து சிரித்தோம். ஆபரேஷனுக்குப் பிறகு தையல் இழுக்கும் என்று பயப்படாமல் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஜூன் வரைக்கும் எனக்குப் பயிற்சிக்கு இந்த மலைதான். குரங்குக்கு டிபன் கொண்டுபோக என்னால் ஆகாது. சாம்பல் துண்டு வாயைத் திறக்கவில்லை, முள்ளில் ஒரு கட்டம் கிழிந்தது, அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு அதுவே போதும். அதில் எனக்கு ஒரு பைக்கு ஆகிற துணி வேண்டும்.

கலைச்செல்வி


பெங்களூரு
14.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் படித்துக் காட்டினேன். லைன் முழுக்கச் சிரித்தது. விமல்ராஜ் அண்ணன், "இந்த டெஸ்ட்டை நம்ம லேபில வெக்கவே இல்லியே" என்று மறுபடியும் மறுபடியும் சொல்லிக்கொண்டிருக்கிறார். துணியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்தேன். அது எழுப்புகிற சத்தத்தை நான் ஒரு நாளும் காதில் வாங்கியதில்லை. இங்கே மிஷின் சத்தத்தில் அது கேட்பதும் இல்லை.

சாம்பல் துணி இத்துடன் வருகிறது. பளபளப்பான பக்கம் உள்ளே போக வேண்டும், அதுதான் தண்ணீர் புகாத பூச்சு. குண்டூசி குத்தாதீர்கள், குத்திய ஓட்டை மறையாது. துணி பிடிக்கிற கிளிப் போட்டுத் தையுங்கள். பாலியஸ்டர் நூல் கண்டும் வைத்திருக்கிறேன்.

அண்ணி, இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. ஆபரேஷனுக்கு உங்களை உள்ளே கொண்டுபோகும்போது தாலியையும் வளையலையும் மூக்குத்தியையும் கழற்றிப் பையில் போட்டு என் கையில் கொடுத்தீர்கள். "பத்திரமா வெச்சிக்க மீனா" என்றீர்கள். அண்ணன் ஒரு மூலையில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் திரும்பி வராவிட்டால் இந்தப் பையை நான் என்ன செய்வேன் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. வந்துவிட்டீர்கள். எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். ஆனால் உங்கள் கையில் எந்தப் பையைப் பார்த்தாலும் எனக்கு அன்றைக்கு மடியில் இருந்த பைதான் தெரிகிறது. வாங்கி வைத்துக்கொண்டால்தான் நிம்மதி.

இது உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. மற்றபடி அன்றைக்கு நீங்கள் என்னைச் சொன்னதும் கொஞ்சம் அதிகம்தான்.

மீனா


செஞ்சி
8.4.2025

மீனா,

பை நாசமாகிவிட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு என் ஜாக்கெட்டை எந்த டெய்லரிடமும் கொடுக்கவில்லை. அளவெடுக்க ஒருத்தி முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. நானே உட்கார்ந்து ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் ஒரு மாதிரி வெட்டி வெட்டிக் கற்றுக்கொண்டேன். இப்போது எனக்கு அது நன்றாகவே வரும். ஜாக்கெட் உடம்போடு உட்கார வேண்டுமென்றால் துணியைக் குறுக்காகப் போட்டு கிராஸ் கட் வெட்ட வேண்டும். முதுகில் உட்காரப் போகிற பைதானே, அதையும் அப்படியே முழுக்க கிராஸ் கட்டில் வெட்டினேன்.

வெறும் பையாக மாட்டிப் பார்த்தபோது அவ்வளவு அழகாக இருந்தது. முதுகோடு ஒட்டிக்கொண்டது. இடுப்புப் பட்டைக்கு உன் அண்ணன் மின்கம்பம் ஏறும்போது கட்டுகிற பெல்ட்டைப் பார்த்து அதே அகலத்தில் வெட்டினேன். கேட்டதற்கு, "இன்னாத்துக்கு?" என்று கூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். நான் பாரம் ஏற்றி ராஜகிரிக்குப் போனேன். பாதி மலை ஏறுவதற்குள் பை நீண்டு தொங்கிவிட்டது. வயிறு சரிந்து இடது பக்கமாகச் சாய்ந்து, எந்தத் தோளுக்குப் பாரம் வேண்டாமோ அந்தத் தோளையே பிடித்து இழுத்தது. பிடிவாதமாக மேலே போய் வந்தேன். வந்த பிறகு பார்த்தால் இடது கை வீங்கி, மோதிரம் கழற்ற முடியவில்லை.

வீக்கம் இப்போது வடிந்துவிட்டது. பயப்படாதே. உன் அண்ணனிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. எல்லோரும் சொல்வதுதான் சரியோ என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. பையை இத்துடன் அனுப்புகிறேன். பிரித்துப் போட்டுத் துணியையாவது வேறு எதற்காவது வைத்துக்கொள்.

கலைச்செல்வி


பெங்களூரு
16.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

பார்சலைப் பிரித்ததும் முதலில் கை வீக்கத்தை நினைத்து அழுதேன். பிறகு பையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தப்பு ஒன்றே ஒன்று. துணிக்கு நெடுக்கிலும் பலம், அகலத்திலும் பலம், மூலைக்கு மூலை இழுத்தால்தான் நீண்டு கொடுக்கும். உடம்புக்கு அந்தக் கொடுப்பு வேண்டும், ஜாக்கெட்டுக்கு நீங்கள் செய்தது சரி. பாரம் தொங்குகிற துணிக்கு அது கூடாது. வெள்ளைக் கட்டம் மேலிருந்து கீழே நேராக இறங்க வேண்டும். அவ்வளவுதான் அண்ணி. ஜாக்கெட் நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தப்பு வரும். எனக்கு வந்திருக்காது, ஏனென்றால் எனக்கு ஜாக்கெட் தைக்கவே தெரியாது.

இடது வாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை நீங்கள் நெஞ்சுக்குக் கொண்டுவராமல், கழுத்தோரமாக உள்ளே ஏற்றி, அக்குளைத் தொடாமல் வளைத்து, நேராக இடுப்புப் பட்டையில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறீர்கள். ஜாக்கெட்டின் கைக்குழி வளைவைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள் என்று விமல்ராஜ் அண்ணன்தான் கண்டுபிடித்தார். அளவு வரைந்து வெட்டுகிற பேட்டர்ன் மேஜையில் அதை வைத்து ஆளாளுக்கு மாட்டிப் பார்த்தார்கள். எங்கள் பேட்டர்ன் மேடம் தன் தோளில் போட்டு நடந்து பார்த்துவிட்டு, "இத போட்டது யாரு?" என்று கேட்டார். "எங்க அண்ணி" என்றேன். இதைத் தன் உடம்புக்குத் தானே பார்த்து வரைந்திருக்கிறார், வேறு யாராலும் வரைய முடியாது என்றார். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம், அண்ணி வருத்தமாக இருக்கிறார் என்றே நான் நினைத்தேன். நீங்கள் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறீர்கள்.

வாரையும் பட்டையையும் ஒரு தையல் கூடத் தொடவில்லை. உடல் பகுதிக்கு மட்டும் புதுத் துணியை நேர் வெட்டாக வெட்டி வைத்திருக்கிறேன். தைத்து அனுப்பக் கை துறுதுறுத்தது. மிஷினில் நூல் கூடக் கோத்துவிட்டேன். அப்புறம் எழுந்துவிட்டேன். நீங்கள்தான் தைக்க வேண்டும்.

மே மாதம் லீவு போட்டு வருகிறேன். என்னையும் மலைக்குக் கூட்டிப் போங்கள்.

மீனா


பெங்களூரு
21.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வந்து சேர்ந்தேன். கால் இரண்டும் என்னுடையதாகவே இல்லை. லிப்டில் போகும்போது கூட முட்டி வலிக்கிறது.

ராஜகிரியில் நான் பின்னால் வந்தது களைப்பினால் மட்டும் இல்லை. பின்னால் வந்தால் பையைப் பார்க்கலாம். வெள்ளைக் கட்டம் நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியிருந்தது. பாரம் முழுக்க இடுப்பில் உட்கார்ந்திருந்தது. இடது வாருக்கும் தோளுக்கும் நடுவே என் விரல் போகிற இடைவெளி, உச்சிக்குக் கீழே இருக்கிற அந்தப் பாலம் வரைக்கும் அப்படியே இருந்தது. என் வேலையில் ஒரு நாளைக்கு எத்தனையோ பைகளுக்குச் சரி என்று முத்திரை குத்துகிறேன். அவை எந்த முதுகுக்குப் போகின்றன என்று பார்த்ததே இல்லை. ஒரு பை ஒரு ஆளோடு சேர்ந்து மலை ஏறுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. குரங்குகளும் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வழியில் அந்த உயரமான படிகளில் நீங்கள் மூச்சு வாங்க நின்றீர்களே, என் கை தானாக நீண்டது. நீங்கள் பார்த்தீர்களா தெரியாது. முந்தானையைச் சுற்றி இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எனக்கு மலை ஏறியதை விட அது கஷ்டமாக இருந்தது.

உங்களை நினைத்தால் எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருக்கிறது. பெருமை மட்டும் இருந்தால் நன்றாக இருக்கும், அது என்னால் முடியவில்லை. நல்லபடியாகப் போய் வாருங்கள் அண்ணி.

மீனா


உத்தரகாசி
17.6.2025

அன்புள்ள மீனா,

இறங்கி வந்துவிட்டோம். பஸ் நாளைக் காலையில். மஞ்சு தூங்குகிறாள். போனில் எல்லோருக்கும் "வந்துட்டேன், நல்லா இருக்கேன்" என்று சொல்லியாகிவிட்டது. உனக்கு மட்டும் முழுசாகச் சொல்ல வேண்டும், அதற்கு போன் ஆகாது.

உன் துணி மழையைப் பார்த்தது, ஆலங்கட்டியைப் பார்த்தது. உள்ளே என் ஸ்வெட்டர் நனையவில்லை. முதல் நாள் ஒரு பாறை இடுக்கில் உரசியது, ஒரு கீறலோடு சரி. குழுவில் எல்லோரும் தூக்கிப் பார்த்துவிட்டு எந்தக் கடை என்று கேட்டார்கள். வெட்டியது நாத்தனார், தைத்தது நான் என்றேன். கணவாய்க்குக் கீழே கடைசி முகாம் வரைக்கும் என் பையை நானே தூக்கிக்கொண்டு போனேன், மீனா. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கையை அமுக்கிப் பார்ப்பேன், வீக்கம் இருந்தால் குழி விழும், விழவில்லை.

கணவாய் ஏறுகிற நாள் காலையில் எழுந்து பார்த்தால் விரல்கள் தடித்திருந்தன. உயரத்தினாலா, குளிரினாலா, தெரியவில்லை. பை இழுத்திருக்காது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மஞ்சுவுக்கும் தெரியாமல் கொஞ்ச நேரம் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தேன். மறைத்துக்கொண்டு ஏறியிருக்கலாம். ஏறியும் இருப்பேன். பிறகு இந்தக் கையோடு எத்தனை வருஷம் ஊசி போட வேண்டியிருக்கிறது என்று யோசித்தேன். பையை நானே கட்டி, நானே எடுத்துக்கொண்டு போய், கழுதை ஓட்டுகிற தீரஜ் என்கிற ஆளிடம் கொடுத்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. யாரும் வாங்கவில்லை. நான் கொடுத்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

கணவாய்மேல் வெறுங்கையோடு நின்றேன். அங்கிருந்து தெரிந்ததை எழுத எனக்கு வராது. நேரில் சொல்கிறேன்.

மறுபக்கம் இறங்கி முகாமுக்கு வந்தபோது வீக்கம் வடிந்திருந்தது. தீரஜ் கழுதைமேலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்தான். நான் போய் முன்னால் நின்றேன். என் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான். பையை எடுத்துத் தூசி தட்டி, வாரை என் பக்கமாகத் திருப்பி நீட்டினான். முடியுமா என்று கேட்கவில்லை.

உன் அண்ணி
கலைச்செல்வி